நாஸியா உள்ளே வந்தார்

கம்பெனி மெசஞ்சர் திறந்தது, ஒரு மூச்சு விடும் நேரம் திரையில் நின்றது, காணாமல் போனது. பிழை என்று சொல்லி எந்தப் பெட்டியும் வரவில்லை, மன்னிக்கவும் என்று ஒரு வரி இல்லை. பதினோரு தடவை திறந்து பார்த்துவிட்ட நாஸியாவுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகாதது ஒன்றுதான். மறைவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் மேல் மூலையில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கை தெரியும். முதலில் இரண்டு என்று இருந்தது. இப்போது ஐந்து. ஆயுத பூஜை முடிந்து கம்பெனி மொத்தமும் வீட்டுக்குப் போய்விட்ட மத்தியானத்தில் அவளுக்கு யார் செய்தி அனுப்புகிறார்கள்? சர்வர் எதையோ தப்பாக எண்ணுகிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

வேறு நாளாக இருந்தால் துருவிப் பார்த்திருப்பாள். இன்று ஆத்திரம்தான் முன்னால் நின்றது. காலையில் எல்லாரோடும் சேர்ந்து பூஜையில் நின்று, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே கிளம்பிப் போனவளை ஒன்றரைக்குப் போன் போட்டு இழுத்தவர் பிளான்ட் மேனேஜர் அசோக்குமார். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவள், முந்தின நாள் சாயங்காலம் அவற்றில் லைப்ரரிகளை அப்கிரேடு செய்துவிட்டுப் போயிருந்தாள். மெசஞ்சர் மாதிரியான நிரல்கள் ஓடுவதற்கு அடியில் இருந்து வேலை செய்கிற பொதுத் துண்டுகள் அவை. அப்கிரேடு முடிந்த நேரத்திலிருந்து ஆபீஸ் பக்கம் மெசஞ்சர் திடீர் திடீரென்று செத்துக்கொண்டிருக்கிறது.

“நாளைக்கு விஜயதசமி. ஏழு மணிக்கு பூஜை போட்டு லைன் ஓட்டணும். ஷாப்ல இருந்து மேல மெசேஜ் வரலைன்னா டிஸ்பாட்ச் நின்னுடும். இன்னிக்கே வந்து சரி பண்ணிடுங்க நாஸியா,” என்றார். பிறகு சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். “எங்க ஆளுங்க யாரையும் இன்னிக்குக் கூப்பிட முடியாது. உங்களுக்குத்தான் பூஜை இல்லையே.”

அதில் விஷம் எதுவும் இல்லை. விஷம் இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். போன வாரம் பெருநாளைக்கு அடுத்த நாள் அரை நாள் லீவு கேட்டபோது மத்தவங்க எல்லாம் வேலை பார்க்கறாங்களே என்று கேட்டவரும் இதே மனுஷன்தான். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் தாள் அவர் மேஜையில் பத்து நாளாகக் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அவளைப் பெற்ற அத்தாவின் கடை போனபிறகு வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. நாளைக் காலை மெசஞ்சர் ஓடவில்லை என்றால் அந்தத் தாளின் கதி என்ன என்று அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மாடியில் ஆபீஸ், கீழே மெஷின்கள் ஓடுகிற ஷாப். அவள் மேஜைக்குப் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஷாப் முழுக்கத் தெரியும். வண்டிகளுக்கு ஹாரன் செய்கிற கம்பெனி அது. மற்ற நாட்களில் காலையிலிருந்து ராத்திரி வரை ஏதாவது ஒரு மூலையில் ஒரு ஹாரன் அலறிக்கொண்டே இருக்கும், புதிதாக வந்தவர்களுக்கு மூன்று நாள் தலைவலி இருக்கும், நான்காம் நாள் பழகிவிடும். இன்று ஷாப்புக்கு மட்டும் கரன்ட் மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, இடுப்பில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டு, பிரஸ் மெஷின்கள் மழை மூட்டத்தின் அரை வெளிச்சத்தில் வரிசையாக நின்றன. சாம்பிராணிப் புகை இன்னும் கூரைக்கடியில் தேங்கி நின்றது, அதனோடு எண்ணெயும் நசுங்கிய வாழைப்பழமும் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாசனையும் கலந்து மாடி வரைக்கும் ஏறி வந்தது. தூரத்தில் ஜூஜுவாடி பார்டரில் செக்போஸ்டுக்காக நிற்கிற லாரிகளின் உறுமல் கேட்டது. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. இரைச்சலுக்குப் பழகின காதில் அந்த அமைதி மெல்ல ரீங்காரம் இட்டது.

அவள் பன்னிரண்டாவது தடவை திறந்தாள். ஏழு செய்திகள். செத்தது.

நிரல் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஐகானைச் சொடுக்காமல் கறுப்புத் திரையில் கட்டளையாக ஓட்டினால், சாகும்போது கடைசியாக எதைத் தொட்டது என்று எழுதிவிட்டுச் சாகும். ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர்தான் வந்தது. எழுத்துகளைத் திரையில் வரைந்து தருகிற லைப்ரரி. நேற்று அவள் கையால் ஏற்றிய புதுப் பதிப்பு. மெசஞ்சர் ஏதோ ஒரு வரியை அதனிடம் கொடுத்து வரையச் சொல்கிறது, அது வரையத் தெரியாமல் தானும் விழுந்து மெசஞ்சரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலத்துக்கு அந்தப் பிரச்சினை வராது. கொம்பும் காலும் சேர்ந்து மாறுகிற எழுத்துகளுக்குத்தான் வரும்.

அப்படியானால் தமிழ்.

நாஸியாவுக்குச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. ஷாப் ஆட்கள் தமிழில் எழுதட்டும் என்று இந்தக் கம்பெனியில் கேட்டவள் அவள் ஒருத்திதான். நாகரசம்பட்டியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வருகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வரி அடிக்கப் பத்து நிமிஷம் திணறுவதைப் பார்த்துவிட்டு, கீபோர்டுகளில் தமிழ் எழுத்து ஒட்டி, மெசஞ்சரில் வருகிற வார்த்தைகளைக்கூட ராத்திரி உட்கார்ந்து தானே தமிழில் மாற்றினாள். உள்ளே வந்தார், வெளியேறினார், தட்டச்சு செய்கிறார். அசோக்குமார் அதைப் பார்த்து, இதுக்கெல்லாம் டைம் இருக்கா உங்களுக்கு என்றார். இப்போது அந்தத் தமிழாலேயே அவள் வேலை போகப்போகிறது.

சர்வரில் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அது காட்டாது, எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று மட்டும் காட்டும். அவள் பெயருக்குத் தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தன. சவுண்டு ரூம்.

சவுண்டு ரூம் ஷாப்பின் கடைசியில் இருக்கிறது. ஹாரனின் சத்தத்தை அளப்பதற்கென்று கட்டின சின்ன அறை, ஒரு அடி கனத்துக்குச் சுவர், உள்ளே நாலு பக்கமும் கூரையிலும் முள்ளு முள்ளாகப் பஞ்சு அடித்திருக்கும், கதவு ஐஸ் பேக்டரிக் கதவு மாதிரி ரப்பர் வைத்து இறுக்கி மூடும். கம்ப்யூட்டர் வைப்பதற்காக அவள் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறாள். கதவைச் சாத்திய பத்தாவது நிமிஷம் தன் தொண்டை எச்சில் விழுங்குவது தனக்கே பெரிதாகக் கேட்டது, வேலையைப் பாதியில் விட்டு வெளியே வந்துவிட்டாள். மணி அடித்தால் அளவு கெட்டுவிடும் என்று அங்கே இன்டர்காம்கூட வைக்கவில்லை. மின்வெட்டு வருஷம் என்பதால் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் தனியாக யு.பி.எஸ். லைன் போட்டிருந்தார்கள், அதனால் மெயினை அணைத்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் ஓடும். பழைய கம்ப்யூட்டர், அளக்கும் கருவியோடு இணைத்தது, கை வைத்தால் கெட்டுப்போகும் என்று அதை மட்டும் அவள் அப்கிரேடு செய்யவில்லை.

அசோக்குமாருக்குப் போன் போட்டாள். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“சார், சவுண்டு ரூம் சிஸ்டத்துல இருந்து மெசேஜ் வந்துட்டே இருக்கு. அதாலதான் கிராஷ் ஆகுது. உள்ள யாராவது…”

“உள்ள யாரு இருப்பா? நானே என் கையால பூட்டிட்டு வந்தேன். ஒண்ணே காலுக்கு.” அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். “அட, கீபோர்டு மேல எலுமிச்சம்பழம் வச்சோம்ல. உருண்டு பட்டன் மேல உக்காந்திருக்கும். அதான் அடிச்சிட்டு கெடக்குது.”

நாஸியாவும் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தேங்காய், பூசணிக்காய், பூ, பழம் என்று போன வருஷமும் மெஷின் மேல் எதையாவது வைத்து எதையாவது கெடுத்தவர்கள்தான்.

“அந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சு விடுங்க. எனக்கு ஓடணும், அவ்ளோதான்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பழம்தான். அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பதினைந்தாவது தடவை திறந்தபோது எண்ணிக்கை பதினொன்று, சர்வரில் நேரத்தைப் பார்த்தால் பழம் அழுத்துகிற மாதிரி அவை சீராக வரவில்லை. சும்மா இருக்கும்போது ஒன்றும் வராமல், இரண்டு மூன்றாகச் சேர்ந்து சேர்ந்து வந்திருந்தன. அவள் கண்ணாடி வழியாக ஷாப்பின் கடைசியைப் பார்த்தாள். அங்கே இருட்டு மட்டும் தெரிந்தது. எழுந்து கீழே இறங்கினாள்.

மெஷின்களுக்கு நடுவில் நடக்கும்போது செருப்புச் சத்தம் பின்னால் யாரோ வருகிற மாதிரி திரும்பி வந்தது. தரையில் சிந்தின குங்குமத் தண்ணீர் காலில் ஒட்டியது. சவுண்டு ரூமை நெருங்க நெருங்கச் சாம்பிராணி வாசனை அதிகமாயிற்று, மற்ற இடத்தில் பழசாகிப்போன வாசனை இங்கே சூடாக, புதிதாக இருந்தது. பெரிய பூட்டு. பூட்டுக்குச் சந்தனம், குங்குமம், அதன்மேல் ஒரு முழம் சாமந்தி. கதவில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தக் கதவை அத்தனை செலவு செய்து வைத்தார்கள்.

தட்டிப் பார்க்கலாம் என்று கையை ஓங்கினாள்.

“ஏம்மா, அதத் தொடாதீங்க.”

வாட்ச்மேன் பெரியதம்பி. அறுபது வயது, ஊத்தங்கரைப் பக்கத்து ஆள், அவளிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்தான். கையில் டார்ச்சோடு பத்தடி தள்ளி நின்றார்.

“உள்ள சிஸ்டம் ஆன்ல இருக்குதுங்கண்ணா. தொறந்து ஒரு நிமிஷம் பாத்துட்டுப் பூட்டிரலாம்.”

“சாவி மேனேஜர் வீட்டுக்குப் போயிருச்சுங்க. இருந்தாலும் தொறக்கக் கூடாது. பூட்டுக்குப் பொட்டு வச்சாச்சு, நாளைக்குக் காலையில பூசை போட்டுத்தான் தொறப்பாங்க.” அவர் தயங்கினார். “அதுவும் நீங்க தொட்டீங்கன்னு வைங்க, நாளைக்கு எந்த மெஷின் நின்னாலும் உங்க பேரத்தான் சொல்லுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேனுங்க.”

அது உண்மை. போன வருஷம் ஒயரை எடுப்பதற்காகக் குத்துவிளக்கை ஒரு முழம் நகர்த்தி வைத்தாள். அந்த வாரம் ஒரு மோல்டு அச்சு விரிசல் விட்டது. யாரும் அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு மாதம் அவள் உள்ளே நுழைந்தால் கேன்டீன் மேஜையில் பேச்சு நின்றது.

“எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க. வேன்ல, பஸ்ல, எல்லாம் கலைஞ்சு போச்சுங்க.” எங்கேயோ ஒரு மொபைல் அடித்தது. ஷாப்புக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் மரத்தட்டு ஒன்று வைத்திருந்தார்கள், சத்தம் அங்கிருந்து வந்தது. பெரியதம்பி சலித்துக்கொண்டார். “எவனோ மறந்து வச்சிட்டுப் போயிட்டான். ரெண்டு மணியில இருந்து கத்திட்டே கெடக்குது.”

நாஸியா கையை இறக்கினாள். கதவைத் தட்டாமலேயே மாடிக்குத் திரும்பினாள். பொட்டு வைத்த பூட்டுக்குப் பயந்தாளா, ஒரு மாதம் நின்றுபோன பேச்சுக்குப் பயந்தாளா என்று படி ஏறும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது.

திறந்தாள். பதினாறு. செத்தது.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. மெசஞ்சரைத் திறக்காமல் சர்வரை மட்டும் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். ஒரு செய்தியும் வரவில்லை. பதினாறு பதினாறாகவே நின்றது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. கீழே கேட்டில் மொபைல் அடித்து ஓய்ந்தது.

மெசஞ்சரைத் திறந்தாள். திறந்த உடனே, அது சாவதற்குள்ளேயே, எண்ணிக்கை ஏறிற்று. பதினேழு. பதினெட்டு.

மறுபடி காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

திறந்தாள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

அவள் உள்ளே வரும்போது வருகிறது. அவள் இல்லாதபோது வருவதில்லை.

பழத்துக்கு எப்படித் தெரியும்?

சாம்பிராணி வாசனை மேஜையில், துப்பட்டாவில், விரலில். இது கம்ப்யூட்டர்தான், இதற்கு ஒரு காரணம் இருக்கும், அவள் உள்ளே நுழைந்ததும் தேங்கினதைச் சர்வர் தள்ளி விடுகிறது, அதைத்தான் புதுசு என்று எண்ணுகிறோம். இருக்கலாம். இருக்க வேண்டும். மீண்டும் திறந்தாள், நிரூபித்துக்கொள்வதற்காக. மீண்டும். மீண்டும். இருபத்து நாலு. இருபத்து ஏழு. முப்பது. ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு விடும் நேரம். ஒவ்வொரு தடவையும் அதற்குள் முண்டியடித்துக்கொண்டு வந்து விழுந்தன.

முப்பத்தொன்று.

முப்பத்தொன்று.

மறுபடி திறந்தாள். முப்பத்தொன்று.

நின்றுவிட்டது. நான்கு தடவை திறந்தும் ஏறவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பழம் கீழே விழுந்துவிட்டது என்று சத்தமாகவே சொன்னாள், காலியான ஆபீஸில் அந்தக் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மணி மூன்றே முக்கால். அசோக்குமார் சொன்னதைச் செய்தாள். சர்வரில் தன் பெயருக்குத் தேங்கியிருந்த முப்பத்தொரு செய்திகளையும் அழித்தாள். நேற்று ஏற்றின லைப்ரரியைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டாள். மெசஞ்சரைத் திறந்தாள்.

திறந்தது. நின்றது. சாகவில்லை.

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு ஓடும். தாளில் கையெழுத்து விழும். முன்னூறு பேர் பட்டியலில் எல்லாப் பெயரும் சாம்பல் நிறத்தில் கிடந்தன, லீவில் இருக்கிறவர்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் பச்சை. சவுண்டு ரூம். எதற்காவது அனுப்பிச் சோதிக்க வேண்டுமே என்று அதற்கே அனுப்பினாள்.

டெஸ்ட்.

போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அடியில் ஒரு வரி வந்தது. சவுண்டு ரூம் தட்டச்சு செய்கிறார். அணைந்தது. மறுபடி வந்தது. நீண்ட நேரம் இருந்தது. செய்தி எதுவும் வரவில்லை. பழம் இன்னும் உருள்கிறது போல என்று அவள் திரும்பிக்கொண்டாள், நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காமல்.

அடுத்த வேலை அறிக்கை. தப்பு தன்னுடையது இல்லை, புது லைப்ரரியுடையது என்று எழுத்தில் காட்டிவிட்டால் அசோக்குமார் பேச முடியாது. மெசஞ்சர் ஒவ்வொரு தடவை சாகும்போதும் தன் நினைவில் அப்போது இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். எந்த எழுத்தில் விழுந்தது என்று அதில் இருக்கும், எடுத்து ஒட்டிவிட்டால் சாட்சி. கால் மணி நேரம் தேடினாள். அர்த்தமில்லாத குறிகளுக்கு நடுவில், முழுசாக, தெளிவாக, தமிழ்.

நாஸியா மேடம் நான் ஆஞ்சப்பன் சவுண்டு ரூம் உள்ள இருக்கேன் மிஷின் பின்னாடி பொட்டு வச்சிட்டு இருந்தேன் பூட்டிட்டாங்க சாம்பிராணி தட்டு தணலோட உள்ளயே இருக்கு புகை மூச்சு முட்டுது சீக்கிரம் வாங்க

சவுண்டு ரூம் ஆபரேட்டர். காவேரியைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். அவள் ஒட்டின எழுத்துகளைப் பார்த்து ஷாப்பிலேயே முதலில் தமிழ் அடிக்கக் கற்றவன்.

ஒரு நொடி அவள் அதை வேலையாகவே படித்தாள். எந்த எழுத்து, எந்தக் கொம்பு என்று.

பிறகு நாற்காலி விழுந்தது.

படிகள். குங்குமத் தண்ணீர். வழுக்கியது. எழுந்தாள். “அண்ணா! பெரியதம்பி அண்ணா!” கேட்டில் மொபைல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஓடிவந்தார். அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆஞ்சப்பன் என்ற பெயர் மட்டும் வாயிலிருந்து வந்தது. அவர் முகம் மாறியது.

“அவன் சைக்கிள் நிக்குதே,” என்றார். “நான் பஸ்ல போயிட்டான்னு…”

பிரஸ் மெஷின் அடியில் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. பூஜை போட்ட கம்பி. நாஸியா எடுத்தாள். பெரியதம்பி தடுக்கவில்லை. பூட்டில் விட்டு நெம்பினாள். சாமந்தி அறுந்தது. சந்தனம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. பூட்டு அசையவில்லை. அவரும் பிடித்தார். இரண்டு பேரும் தொங்கினார்கள். கொண்டி பெயர்ந்து வந்தது.

கதவு ஒரு பெருமூச்சோடு திறந்தது.

புகை பெரிதாக வரவில்லை. வெப்பம்தான் வந்தது, கனமாக, இனிப்பாக. துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டாள். உள்ளே இருட்டு, கடைசியில் மானிட்டரின் வெளிச்சம் மட்டும். கதவின் உட்புறத்தில் பஞ்சு இல்லை. கைக்கு எட்டின உயரம் வரை எல்லாவற்றையும் பிய்த்திருந்தான். தகரம் தெரிந்தது, தகரத்தில் கோடு கோடாக நகம் இழுத்த தடம். தரையில் மிதித்து அணைத்த தணல், பக்கத்தில் வெறுங்காலின் கரித்தடங்கள், கதவுக்கும் மேஜைக்குமாகப் போய்ப் போய் வந்தவை.

அவன் நாற்காலியில் இருந்தான். சாய்ந்து, தலை ஒரு பக்கம் மடங்கி, முகம் திரையைப் பார்த்தபடி. கை கீபோர்டின் ஓரத்தில். பெரியதம்பி அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். “ஐயோ சாமி,” என்றார். “ஐயோ சாமி, இன்னும் சூடாத்தான்டா இருக்குது.” அவனைத் தூக்கப் போனவர் மயங்கித் தள்ளாடினார், ஆள் கூட்டிவர வெளியே ஓடினார்.

நாஸியா நகரவில்லை. திரையைப் பார்த்தாள்.

அவனுடைய மெசஞ்சர். அவளோடு பேசுகிற பக்கம் திறந்திருந்தது. அவள் தமிழில் மாற்றின வார்த்தைகள்.

நாஸியா உள்ளே வந்தார்.

மேடம் வந்துட்டீங்களா

நாஸியா வெளியேறினார்.

நாஸியா உள்ளே வந்தார்.

மேடம் படிச்சீங்களா போகாதீங்க

நாஸியா வெளியேறினார்.

நாஸியா உள்ளே வந்தார்.

யாருமே இல்ல நீங்க மட்டும்தான் பச்சையா தெரியறீங்க

நாஸியா வெளியேறினார்.

நாஸியா உள்ளே வந்தார்.

நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம் பாத்துட்டு பாத்துட்டு போறீங்களே

நாஸியா வெளியேறினார்.

அப்படியே கீழே வரைக்கும். பிற்பாடு அவன் எழுதின வரிகள் குறைந்து, எழுத்து உடைந்து, கடைசியில் காவேரிகிட்ட சொல் என்பதோடு நின்றது. அதற்கும் கீழே நாலு தடவை அவள் வந்தாள், போனாள், பிறகு ஒரு தடவை வந்து நின்றாள். அங்கே அவளிடமிருந்து அவனுக்குப் போன ஒரே பதில் இருந்தது.

டெஸ்ட்.

அடுத்த செய்தி எழுதுகிற இடத்தில் ஒரே ஒரு எழுத்து. அனுப்பப்படாமல்.

அவள் அதைத் தொடக் கை நீட்டினாள். அப்போது திரை அசைந்தது. புதிதாக ஒரு வரி.

நாஸியா வெளியேறினார்.

மாடியில் யாரும் இல்லை. மெசஞ்சரைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது இனிச் சாகாது. அவளே சரி செய்தது. அவள் இங்கே நிற்கிறாள்.

நாஸியா உள்ளே வந்தார்.

நாஸியா வெளியேறினார்.

வெளியே பெரியதம்பி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறந்து கத்துகிற உருவம் கதவு வழியாகத் தெரிந்தது. பஞ்சுச் சுவருக்குள் சத்தம் வரவில்லை. அவளுக்குத் தன் மூச்சு மட்டும் கேட்டது.

நாஸியா உள்ளே வந்தார்.

பட்டியலில் அவள் பெயர் பச்சையாக எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஆஞ்சப்பனின் கண்கள் திறந்திருந்தன. அந்தப் பச்சை, அவள் வரும்போதும் போகும்போதும், இரண்டு கண்ணிலும் தெரிந்து தெரிந்து மறைந்தது.